மலடி என்ற சொல்லும் கல்கத்தா வைத்தியரும்

பிள்ளை பெறாத பெண்ணை ‘மலடி’ என்று தூற்ற நம் சமுதாயம் என்றும் தயங்கியதில்லை. ‘மலடன்’ என்ற சொல்லும் அகராதியில் உண்டு. அதைத் தெருவிற் கேட்டவர் எத்தனை பேர்? குறை கணவனிடமும் இருக்கலாம் என்று விஞ்ஞானம் நிறுவிய பின்னரும் பழி பெண்ணையே சேர்கிறது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் யார் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறுகிறதோ, அந்த நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் மரபுவழி வரலாற்றிலும் பிள்ளையற்ற லாகூர்த் தம்பதியர் வருகின்றனர். ஆண்டகை அளித்த வெற்றிலையால் அவர்களுக்கு மகவு பிறந்ததாம். ஏக்கம் அவ்வளவு பழையது. அதற்கு ஆய்வுகூடம் விடை கண்டதோ நேற்றுத்தான்.

1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உடலுக்கு வெளியே கருவுற்றுப் பிறந்த முதற் குழந்தை அவள். சரியாக எழுபதாம் நாள், அக்டோபர் 3இல், கல்கத்தாவில் இரண்டாம் குழந்தை பிறந்தது. அதனைச் சாதித்தவர் வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாய். ஊசிமருந்தால் சூல்முட்டைகளைப் பெருக்கி, கருவை உறையவைத்துக் காத்து, பின்னரே தாயின் கருப்பையில் இட்டார். இன்று உலகமெங்கும் கையாளப்படும் வழி அது.

அவருக்குக் கிடைத்ததென்ன? மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு அமைத்தது. தலைவராக இருந்தவர் பௌதிகத் துறையினர்! குழு அவரை நம்பவில்லை. ஜப்பானுக்குச் சென்று தம் ஆய்வை எடுத்துரைக்கவும் அனுமதியில்லை. 1981இல் கண் மருத்துவ நிலையமொன்றுக்கு மாற்றினர். அவ்வாண்டு ஜூன் 19இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று அங்கே நடந்தது இடதுசாரிகளின் ஆட்சி; இதை நாம் மறைத்துப் பேசுவது அழகன்று.

1986 ஆகஸ்ட் 6இல் பம்பாய் மாநகராட்சியின் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில், இந்திரா ஹிந்துஜாவும் ஆனந்த்குமாரும் உழைத்த குழுவின் முயற்சியால் ஒரு குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதலாவது என்று அதனைப் பாராட்டினர். அந்த ஆனந்த்குமாரே பின்னர் கல்கத்தா வைத்தியரின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்தார். முதன்மை அவருக்கே உரியதென 1997இல் அறிவித்தார். தம் புகழைத் தாமே விட்டுக்கொடுக்கும் விஞ்ஞானிகள் அரியர்.

இறந்தவரைக் காத்தவை அக்குறிப்பேடுகளே. ஆகவே சிகிச்சை நிலையத்தைத் தேடும் தம்பதியர் விளம்பரத்தை விட்டுப் பதிவேட்டைக் கேட்கட்டும். நூற்றுக்கு இத்தனை வெற்றி என்பார்கள். கருத்தரித்ததைக் கணக்கிடுகிறார்களா, உயிரோடு பிறந்த பிள்ளையையா? மனைவியின் வயதையொத்த பெண்களுக்குப் பலன் எவ்வளவு? எத்தனை கருக்களை இடுவார்கள்? இரட்டை, மூன்று எனச் சுமப்பது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. மருந்துச் செலவையும் சேர்த்த முழுத்தொகை என்ன? இவற்றுக்கெல்லாம் முன்பு, கணவனின் விந்துப் பரிசோதனை முடிந்ததா? மலிவான, எளிய அப்பரிசோதனைக்கு இசையாத ஆண்மகன் மனைவியை மட்டும் ஊசிக்கு அனுப்புவது கொடுமை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெறவேண்டியவை. சென்னைக்குக் கப்பலேறிய காலம் போய் விமானமேறுவோர், இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிதல் நன்று: நிலையம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும், பெண்ணின் வயது 21க்கு மேல் 50க்குள், ஆணின் வயது 21க்கு மேல் 55க்குள், எழுத்து மூலமான சம்மதம் கட்டாயம், ஆணா பெண்ணா எனத் தெரிவு செய்வது குற்றம்.

மார்க்கம் தடுக்குமோ என அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. எகிப்தின் முப்தியாக இருந்த ஜாதுல் ஹக் 1980 மார்ச்சிலேயே, கணவன் மனைவியரின் வித்தும் முட்டையும் கொண்டு, மூன்றாமவர் கலப்பின்றிச் செய்வது ஆகும் என்று தீர்ப்பளித்தார். லூயிஸ் பிரவுனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. எனவே தம் வித்தும் முட்டையும் மட்டுமே பயன்படும் என்ற உறுதியை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை தம்பதியருக்கு உண்டு. சம்மதப் பத்திரத்தைத் தாம் வாசித்தறியும் மொழியில் கேட்கவும் உண்டு.