நடுக்களத்தில் மேலோன் யார்?
(ஈஸ்ட் பெங்கால் கழக வரலாற்றிலே ஒரு தீராத வழக்கு)

சபரகமுவத் தோட்டங்களிலே வாழும் நாம் மழையோடு பிறந்து மழையோடு வளர்ந்தவர்கள். விடியற்காலையில் றப்பர் பால் வெட்டப் போகிறவர் வானத்தைப் பார்ப்பதுபோலவே, மாலையில் பந்துதைக்கப் போகும் வாலிபனும் வானத்தைப் பார்க்கிறான். மைதானம் சேறாகிப் பந்து உருளாத நாட்களில் வாலிபர் என்ன செய்வர்? தேநீர்க்கடைத் திண்ணையில் அமர்ந்து வாதிடுவர். வாதத்தின் பொருள் பெரும்பாலும் ஒன்றேதான். நடுக்களத்தில் நின்று ஆடியவருள் மேலானவர் அன்றிருந்தவரா, இன்றிருப்பவரா என்பதே அது.

இவ்வழக்கு எங்கள் வீட்டிலும் உண்டு. என் தாத்தாவின் தம்பி, நான் ஒருநாளும் கண்டிராத சின்னத்தாத்தா, எங்கள் தோட்டத்து அணியிலே ஹாப் பேக் நிலையில் ஆடியவர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக, எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார். நம்மவர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்ட புகைவண்டியிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களுள் அவரும் ஒருவர். “அவனைப் போல ஒருத்தன் இந்த மைதானத்தில் காலெடுத்து வைக்கவில்லை” என்பது தாத்தாவின் தீர்ப்பு. தீர்ப்பை மறுக்க எங்களிடம் சான்று இல்லை. நிறுவ அவரிடமும் சான்று இல்லை. ஒரு நிழற்படங்கூட இல்லை. கைத்தொலைபேசியிலே உலகத்து ஆட்டங்களையெல்லாம் காணும் நாங்கள், கண்ணால் காணாததை எப்படி நம்புவது?

நிற்க. சரித்திரம் படிக்கும் மாணவன் என்ற முறையில், இத்தகைய வழக்கு முறையாக நடந்த இடம் எங்கேனும் உண்டா என்று தேடினேன். ஐரோப்பியக் கழகங்களின் கதை நம் இளைஞர் அனைவருக்கும் மனப்பாடம். நான் தேடியது, வேரிழந்து வந்த மக்கள் தமதென்று பற்றிக்கொண்ட ஒரு கழகம். அது அடுத்த நாட்டிலே, கல்கத்தா நகரிலே கிடைத்தது. இன்று கொல்கத்தா என வழங்கும் அந்நகரின் ஈஸ்ட் பெங்கால் கழகமே அது.

அக்கழகத்தின் பிறப்பே ஒரு நடுக்கள வீரரை முன்னிட்டு நிகழ்ந்தது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்புண்டாயிற்று. 1920ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் ஜோராபாகான் என்ற கழகம் புகழ்மிக்க மோகன் பாகானை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. அணியிலே சைலேஷ் போஸ் என்ற நடுக்கள வீரர் காரணம் கூறப்படாமல் நீக்கப்பட்டார். கழகத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி என்பார் அவரைச் சேர்க்குமாறு கேட்டும் பயனில்லாது போகவே, மனம் நொந்து விலகினார். கிழக்கு வங்கத்தார் என்பதாலேயே இவ்வாறு நடத்தப்பட்டோம் என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் தைத்தது. மூன்றே நாட்கள் கழிந்தன. ஆகஸ்ட் 1ஆம் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றிற்று. ஒரு ஹாப் பேக்கை உட்காரவைத்ததன் விலை எவ்வளவு என்பதை ஜோராபாகான் பிரமுகர்கள் அன்று அறிந்திருக்க மாட்டார்கள்.

1947இல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்கம் பாகிஸ்தானாயிற்று. வீடும் நிலமும் விட்டு வந்த இலட்சக்கணக்கானோர் கல்கத்தாவின் ஓரங்களிலே குடிசை கட்டி வாழலாயினர். ஊர்க்காரர் அவர்களைப் ‘பாங்கால்’ என்று ஏளனமாக அழைத்தனர். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் காதிலே வாங்கியவர்களுக்கு அதன் சுவை நன்கு விளங்கும். வந்தவர்கள் தம் மொழி வழக்கையும், உல்லம் மீன் கறியையும், சிவப்பும் பொன்னிறமுங் கொண்ட சட்டையணிந்த அந்தக் கழகத்தையும் விடாது பிடித்துக்கொண்டனர். (மோகன் பாகான் ஆதரவாளருக்கு உல்லம் அன்று, இறாலே கொடி. எந்தக் கழகம் வென்றாலும் மீன்காரனுக்கு இலாபம்.)

இனி வழக்குக்கு வருவோம்.

முதியோர் கட்சியின் முதற் சாட்சி அகமது கான். பெங்களூரிலே 1926இல் பிறந்தவர். 1949 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு கழகத்துக்கு ஆடியவர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் ‘பஞ்ச பாண்டவர்’ என்றே கல்கத்தா அழைத்தது. இவர்களில் பெரும்பாலோர் வங்கத்தார் அல்லர்; தென்னாட்டார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது அந்த அணி. அகமது கானின் காலில் பந்து வந்தால் அது மகுடிக்கு ஆடும் பாம்பாகிவிடும் என்பதால் அவருக்குப் ‘பாம்பாட்டி’ என்றும் ஒரு பெயர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கிலே, பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணியில் அவரும் இருந்தார். இரண்டு தண்ட உதைகளைத் தவறவிட்டு 2-1 என்று பிரான்சிடம் தோற்ற ஆட்டம் அது. 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று நைந்து போயிற்று. அந்த ஒரு கோல் அகமது கானுடையது. அந்தத் தோல்விக்குப் பின்னரே இந்தியாவில் சப்பாத்து கட்டாயமாயிற்று.

இங்கே ஒரு தடை எழுகிறது. அகமது கான் நடுக்கள வீரரா? பழைய அட்டவணைகள் அவரை முன்வரிசையிலே நிறுத்துகின்றன. அன்றைய அமைப்பு 2-3-5. பின்னே காவலர் இருவர், நடுவே ஹாப் பேக் மூவர், முன்னே ஐவர். ஆயினும் அந்த ஐவருள் உட்புறம் நின்ற இருவர் தாமாகவே பின்னிறங்கிப் பந்தை வாங்கி முன்னே கொண்டு செல்வர். அகமது கான் அப்படிப்பட்டவர். 1925இல் ‘ஓப் சைட்’ விதி மாறியது. அதன் பின்னர் நடு ஹாப் பேக் மெல்லமெல்லப் பின்னே இழுக்கப்பட்டு மூன்றாம் காவலரானார். 1958இல் பிரேசில் 4-2-4 என்ற அமைப்புடன் உலகக் கிண்ணத்தை வென்றது. இந்தியாவிலே பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம் புதுமுறைகளைக் கற்பித்து 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்தார். ஆகவே ‘நடுக்களம்’ என்ற சொல் ஒன்றாயினும், 1950இல் அதற்குப் பொருள் வேறு, 1975இல் வேறு, இன்று வேறு. ஒரே பெயருடைய மூன்று ஆற்றைக் கடந்துவிட்டு எது ஆழம் என்று கேட்பது போன்றது நம் திண்ணை வாதம்.

அது மட்டுமன்று. அக்காலக் கல்கத்தா ஆட்டங்கள் 90 நிமிடத்துக்குக் குறைந்தவை. பந்தோ தோற்பந்து, மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். எங்கள் இரத்தினபுரி மைதானத்தில் நனைந்த பந்தைத் தலையால் இடித்தவர் இதை வாதமின்றி ஒப்புவர்.

இரண்டாம் சாட்சி ராம் பகதூர். டேராடூனிற் பிறந்த கூர்க்கா வீரர். 1957இல் கழகத்தில் சேர்ந்து பத்தாண்டுகள் நிலைத்தவர். 1960 றோம் ஒலிம்பிக்கிலே ஆடியவர். இவர் ஐயத்துக்கிடமின்றி ஹாப் பேக். அவருடன் அதே 1957இல் சேர்ந்த துளசிதாஸ் பலராமின் பெயரோ இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. செகந்தராபாத் பக்கத்திலே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பலராம், நோயினால் இருபத்தேழு வயதிற்குள் ஆட்டத்தை விட நேர்ந்தவர். 2023 பெப்ரவரியில் மறைந்தார். அவர் கோல் போட்டவர். ஆகவே எண்கள் அவரை நினைவில் வைத்திருக்கின்றன. ராம் பகதூர் எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து இன்னொருவர் காலில் வைத்தவர். பறித்ததை எண்ணி வைக்க அந்நாளில் ஒரு கணக்கப்பிள்ளையும் இல்லை. என் சின்னத்தாத்தாவின் வழக்கும் ஏறக்குறைய இதே வழக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

நடுவயதினர் எழுந்தால் அவர்கள் சொல்வது கௌதம் சர்க்கார். 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்ற பொற்காலம் அது. 1975 செப்டம்பர் 30ஆம் நாள் கேடய இறுதியாட்டத்தில் மோகன் பாகானை 5-0 என்று வீழ்த்தினார்கள். சமரேஷ் சௌத்ரியும் கௌதம் சர்க்காரும் அந்நாளைய நடுக்களத்தின் இரு பெரும் பெயர்கள். சர்க்காரை ‘இந்தியாவின் பெக்கன்பவர்’ என்றனர். ஆனால் 1977இல் அவர் எங்கே போனார் தெரியுமா? மோகன் பாகானுக்கு! அதே ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஈடன் தோட்டத்து மைதானத்திலே, மழையில் ஊறிய தரையிலே, நியூயோர்க் கொஸ்மொஸ் அணியுடன் வந்த பெலேயை மறித்து நின்றவர் அவர். ஆட்டம் 2-2 எனச் சமனாயிற்று. அவருடைய வாழ்வில் உலகம் நினைவு கூரும் அந்நாளில் அவர் அணிந்திருந்தது எதிரிக் கழகத்தின் சட்டை. அந்த ஆட்டத்தை எந்தக் கழகத்தின் கணக்கில் எழுதுவது? ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர் எழுத ஒப்பார். அழிக்கவும் மனம் வராது.

அடுத்து வருபவர் மஜித் பிஷ்கார். இவரைப் பற்றிச் சிறிது விரித்தே எழுதவேண்டும். ஈரான் நாட்டுக் கொர்ரம்ஷார் நகரத்தார். அலிகார் பல்கலைக்கழகத்திலே மாணவராயிருந்து, தோழர் ஜம்ஷித் நசீரியுடன் 1980இல் கழகத்துக்கு வந்தார். அவ்வாண்டே ஈரான் - ஈராக் போர் மூண்டது. அவர் பிறந்த நகரம் பாழாயிற்று. ஊரிழந்தவர்களின் கழகத்துக்கு ஊரிழந்த ஒருவரே நடுக்களத்தில் வந்து நின்றார். அவர் ஆடியது இரண்டே பருவங்கள். பின்னர் முகமதன் ஸ்போட்டிங் கழகத்துக்குப் போய், வாழ்க்கை தடம் புரண்டு, ஓசையின்றி நாடு திரும்பினார். 2019 ஆகஸ்டில் கழகத்தின் நூற்றாண்டு விழாத் தொடக்கத்துக்கு அவரை அழைத்து வந்தபோது, நள்ளிரவைக் கடந்தும் விமான நிலையத்திலே பெருங்கூட்டம் காத்து நின்றது. அக்கூட்டத்திலே அவர் ஆடியதைக் கண்ணால் காணாத இளைஞரும் இருந்தனர். தந்தை சொன்னதை நம்பி வந்தவர்கள்!

இளைஞர் கட்சிக்கும் சாட்சிகள் உண்டு. 2003 ஜூலை 26ஆம் நாள் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் தெரோ சசானா அணியை 3-1 என்று வென்று ஆசியான் கழகக் கிண்ணத்தைக் கொணர்ந்த அணியிலே பிரேசில் நாட்டு டக்ளஸ் நடுக்களத்தைக் காத்தார். கோவாவின் அல்விட்டோ டி குன்ஹா மூன்றாம் கோலைப் போட்டார். அதன்பின் மெஹ்தாப் ஹுசைன் பத்தாண்டளவு நடுக்களத்தில் உழைத்தார். மஜித்தின் இரண்டு பருவத்து மின்னலையும் மெஹ்தாப்பின் பத்தாண்டு உழைப்பையும் எந்தத் தராசில் இடுவது? திண்ணை வாதத்திலே மின்னலுக்கே வெற்றி. என் கட்சி வேறு. றப்பர் மரம் முறையாக வெட்டினால்தான் பால் தரும்; ஒரு நாளிலே பெருகி வடிந்துவிட்டு மறுநாள் காய்ந்த மரத்தை எந்தத் தோட்டத்திலும் பெருமையாகச் சொல்லக் கேட்டதில்லை. ஆதலால் என் வாக்கு ராம் பகதூருக்கும் மெஹ்தாப்புக்கும். இதை நண்பர்களிடம் சொன்னேன்; சிரித்தார்கள். “நீ பார்க்காத ஆளுக்கு வாக்குப் போடுகிறாயே” என்றனர். தாத்தாவிடம் நாங்கள் சொன்னதையே என்னிடம் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இக்கட்டுரைக்காக வாசித்தவற்றைத் தாத்தாவிடமும் கூறினேன். அகமது கான் வெறுங்காலுடன் ஆடிய காலத்தைச் சொன்னபோது, “நாங்களும் அப்படித்தான்” என்றார். பாம்பாட்டி என்ற பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. சென்ற மழை நாளொன்றில் கைத்தொலைபேசியை அவர் முன்னே பிடித்து, 2023 ஆகஸ்ட் 12ஆந் திகதி டூரண்ட் கிண்ணத்திலே மோகன் பாகானுக்கு எதிராகச் சென்னை வாலிபர் நந்தகுமார் சேகர் போட்ட வெற்றிக் கோலைக் காட்டினோம்.

“பையன் யார்?”

“சென்னைப் பையன், தாத்தா. நம்ம ஆள்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார்.

“கோல் இருக்கட்டும் தம்பி. பந்தை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவன் யார்? அதைக் காட்டு.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதைக் கவனித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. மறுபடியும் தொடக்கத்திலிருந்து போட்டோம்.