யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்: பேச்சுரிமையும் இனப்பகையிலிருந்து பாதுகாப்பும்

பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் 1974இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. இன ஒற்றுமையைக் குலைக்கும் பேச்சையும் குற்றமாக்கிய பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் இங்கே வாயடைத்தது அரசு மட்டுமல்ல. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு 1988 முதல் அரசு, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என எவரையும் விடாமல் அத்துமீறல்களைப் பதிவு செய்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போருக்குப் பின் தெற்கிலிருந்து சிங்கள மாணவர்கள் பெருமளவில் வந்தார்கள். நாட்டில் பெரும்பான்மையினர், வளாகத்தில் சிறுபான்மையினர். தமிழ் மாணவர் நிலை இதற்கு நேர்மாறு. இந்தத் தலைகீழ் நிலைதான் இங்குள்ள சிக்கலின் கரு. 2016 ஜூலை 16 அன்று விஞ்ஞான பீட வரவேற்பு ஊர்வலத்தில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த தகராறு கைகலப்பாகி, மாணவர் பலர் காயமடைந்தனர். நடனம் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் கருத்து, அடித்தது குற்றம். விசாரணைக்கு உரியது பின்னதே.

வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் சட்டமில்லாமல் சிறுபான்மை மாணவரை யார் காப்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். இனப்பகையைத் தூண்டுவதைத் தடைசெய்யும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் சிறுபான்மையினருக்குக் கவசமாகும் என்றே நம்பப்பட்டது. ஆனால் 2019இல் அதன் கீழ் கைதானவர்களில் ஒருவர், சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார. அதே ஆண்டு மே மாதம் யாழ். பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் சில படங்களுக்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைதானார்கள். அமெரிக்க வளாகங்களிலும் இதே குழப்பம் உண்டு. யூத மாணவரை மிரட்டுவதும் இஸ்ரேல் அரசைக் கண்டிப்பதும் பல வேளைகளில் ஒன்றாகவே பார்க்கப்படுகின்றன. யூத வெறுப்புக்கு வரைவிலக்கணம் எழுதுவதில் முன்னின்ற கென்னத் ஸ்டேர்னே, அதை வளாகப் பேச்சை ஒடுக்கும் விதியாக்கக்கூடாது என்கிறார். மிரட்டல், தாக்குதல், ஒதுக்கிவைத்தல் ஆகியவற்றைத் தண்டிக்க ஒழுக்காற்று விதிகளும் தண்டனைக்கோவையும் போதும். தேவைப்படுவது அவற்றை இனம் பாராமல் பிரயோகிக்கும் நிர்வாகம்.

வெறுப்புப் பேச்சு அடிதடிக்கு வழிவிடும் என்பார்கள். அப்படி நேர்ந்ததும் உண்டு. ஆனால் தூண்டுதலுக்கும் மனம் நோகும் கருத்துக்கும் இடையிலான கோட்டை அதிகாரத்தில் இருப்பவர்கள் தமக்கு வாய்ப்பாகவே போட்டுவந்திருக்கிறார்கள். 2021 ஜனவரி 8 இரவு வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது மாணவர்கள் நினைவுகூரும் உரிமைக்காக உண்ணாவிரதமிருந்தார்கள். சில நாட்களில் மீண்டும் அடிக்கல் நடப்பட்டது. 2023இல் நீதித்துறைச் சுதந்திரம் பற்றிச் சட்டத்துறையில் பேசவிருந்த சட்டத்தரணி சுவஸ்திகா அருளிங்கத்தின் உரை, விடுதலைப் புலிகளை அவர் முன்பு விமர்சித்ததற்காக எழுந்த மாணவர் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. தூபிக்காகக் கேட்ட உரிமையை அந்த உரைக்கு மறுத்தது தவறு.