மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ்: 1942 இழப்பின் இருபதாண்டு முன்கதை

1942 ஏப்ரல் 9 முற்பகலில், மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்துக்கு நேர் கிழக்கே, யப்பானிய டைவ் குண்டுவீச்சு விமானங்கள் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் மூழ்கடித்தன. கப்பலின் தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் தப்பவில்லை. இன்று ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் அந்தச் சிதைவு, கல்லடியிலிருந்தும் பாசிக்குடாவிலிருந்தும் செல்லும் சுழியோடிகளுக்கு நன்கு பழக்கமானது. நம்முடைய வரலாற்றெழுத்திலோ அது ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை. இது பெருங்குறை.

அந்த ஓரிரு வரிகளில் வரும் விளக்கம் ஒன்றுதான்: அன்று கப்பலில் விமானங்கள் இல்லை. முந்தைய இரவு திருகோணமலையை விட்டு அவசரமாகப் புறப்பட்டபோது, அதன் 814ஆம் விமான அணி அங்குள்ள சீனக்குடா விமானத்தளத்தில் கரையிலேயே நின்றுவிட்டது. தகவல் சரி. காரணமாக அதை ஏற்க முடியாது. அந்த அணியிடம் இருந்தவை டார்பிடோ வீசும் சுவோட்ஃபிஷ் விமானங்கள் மட்டுமே. சண்டை விமானம் ஒன்றுகூட இல்லை. சுவோட்ஃபிஷ், திறந்த இருக்கைகள் கொண்ட இரட்டை இறக்கை விமானம். அதன் உச்ச வேகம் மணிக்கு 220 கிலோமீற்றர் அளவு. அவை கப்பலில் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதை நான்கு நாள் முந்திய சம்பவமே சொல்கிறது. ஏப்ரல் 5இல் கொழும்பு தாக்கப்பட்ட வேளை, 788ஆம் அணியின் ஆறு சுவோட்ஃபிஷ்கள் யப்பானின் சீரோ சண்டை விமானங்களிடம் அகப்பட்டன. ஆறும் வீழ்ந்தன.

ஆகவே கேள்வியை வேறிடத்தில் தொடங்க வேண்டும். விமானந்தாங்கியாகவே வரைபடமிட்டு 1918இல் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பலுக்கு, 1942இல் தன்னைக் காக்கும் விமானம் ஏன் கிடைக்கவில்லை?

1918 ஏப்ரலில் கடற்படையின் விமானங்களும் விமானிகளும் புதிய றோயல் விமானப்படைக்குள் சேர்க்கப்பட்டனர். ஹேர்மிஸ் சேவைக்கு வந்த 1924இல் கடற்படை வான்பிரிவு உருவானபோதும், அது விமானப்படையின் ஓர் உறுப்பாகவே இருந்தது. கப்பல் ஒருவருக்கு, விமானம் இன்னொருவருக்கு. 1937இல் பிரித்தானிய அமைச்சர் இன்ஸ்கிப் வழங்கிய தீர்ப்பின்படி, கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி தன் வான்பிரிவை மீளப் பெற்றது. கைமாற்றம் முடிந்தது 1939 மே மாதத்தில். இடையில் 1935இல் ஹரிக்கேன், 1936இல் ஸ்பிட்ஃபயர் எனத் தரைத்தள விமானங்கள் புதுயுகம் கண்டன. கடலுக்கு 1936இல் கிடைத்தது சுவோட்ஃபிஷ்.

ஆயினும் பழி முழுவதையும் நிர்வாகப் பிளவின்மேல் போட நான் உடன்படேன். அட்மிரால்டியின் சொந்த நம்பிக்கைகளுக்கும் இதில் பங்குண்டு. ஹேர்மிஸ் போன்ற சிறு கப்பல் இருபது விமானங்களுக்கு மேல் ஏற்ற முடியாதது. எனவே ஒரே விமானம் உளவு பார்க்கவும், பீரங்கிக் குறி சொல்லவும், டார்பிடோ வீசவும் வேண்டுமெனக் கேட்டார்கள். கடலின்மேல் தனி விமானி வழி தவறுவான், ஆகவே சண்டை விமானத்திலும் வழிகாட்டிக்கு இரண்டாம் இருக்கை தேவை என்றார்கள். இலகு குண்டுவீச்சு விமான வடிவம் ஒன்றிலிருந்து பிறந்த ஃபுல்மர் அவ்வாறுதான் வந்தது. எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தும் வேகத்தில் சீரோவுக்கு மிகவும் பின்தங்கியது. ராடார் வருமுன், எதிரி நெருங்குவதை முன்கூட்டியே அறிய வழியில்லாத காலத்தில், சண்டை விமானத்தை நம்பாமல் பீரங்கியை நம்பியது மூடத்தனமன்று. ராடார் வந்த பின்னும் அந்தக் கணக்கு திருத்தப்படத் தாமதமானதே இழப்பின் வேர்.

இத்தாலியின் தரந்தோ துறைமுகத்திலும் ஜேர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் வேட்டையிலும் சுவோட்ஃபிஷ் பெற்ற வெற்றிகளை இதற்கு மறுப்பாகக் காட்டுவதுண்டு. முதலாவது இரவுத் தாக்குதல். இரண்டாவதில் அந்த விமானங்களை எதிர்கொள்ள வானில் எவரும் இல்லை. எதிரியின் சண்டை விமானம் இல்லாத கடலுக்கென்றே அமைந்தது அந்த விமானம். வங்காள விரிகுடா அப்படிப்பட்ட கடலாக இருக்கவில்லை.

தொழினுட்பம் போதவில்லை என்பதும் பொருந்தாது. 1921இல் செம்பில் தலைமையில் சென்ற பிரித்தானியக் குழுவே யப்பானியக் கடற்படைக்கு விமானக்கலை கற்பித்தது. சொப்வித் நிறுவனத்தில் பணியாற்றிய ஹேர்பர்ட் ஸ்மித் மிற்சுபிஷிக்குக் கப்பல்தளச் சண்டை விமானம் வடிவமைத்தார். 1923இல் யப்பானிய விமானந்தாங்கி ஹோஷோவில் அதனை முதன்முதல் இறக்கியவரும் பிரித்தானியரே. தொடக்கப் பாடம் இரு தரப்புக்கும் பொது. யப்பானியக் கடற்படை தன் விமானங்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. தனி இருக்கையும் நெடுந்தூர வீச்சும் கொண்ட சீரோ 1939இல் பறந்தது.

கரையோரக் கப்பலைத் தரைத்தள விமானங்கள் காக்கும் என்ற எதிர்பார்ப்பும் அன்று பொய்த்தது. சீனக்குடாவின் ஹரிக்கேன்கள் அன்று காலையில்தான் திருகோணமலைக்கு மேல் பொருதிக் களைத்திருந்தன. தீவின் மறுகரையில் உள்ள இரத்மலானையிலிருந்து பறந்த ஃபுல்மர்கள் வந்து சேர்ந்தபோது ஹேர்மிஸ் கடலுக்கு மேல் இல்லை.

1944 ஏப்ரல் 19இல் திருகோணமலையிலிருந்து சென்ற கப்பற்படை சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கியது. அதில் இலஸ்திரியஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கியில் குண்டுவீச்சுக்கு ஃபெயரி நிறுவனத்தின் பரக்குடா இருந்தது. சண்டை விமானமோ அமெரிக்காவில் செய்த கோர்செயர். அதில் இருந்தது ஓர் இருக்கைதான்.