வெட்டும் உரிமை, கேட்கும் வழக்கம்: துணை மானியக் கோரிக்கையும் தென்னார்க்காட்டுக் கரையும்

தமிழ்நாட்டு அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கி மார்ச் 31 அன்று முடிகிறது. 1867 முதல் இந்தியா முழுவதும் வழங்கி வரும் இக்கணக்கு, வடகிழக்குப் பருவமழையைக் கருதி வகுக்கப்பட்டதன்று. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஐந்து ஆறுகள் அடுத்தடுத்துக் கடலில் சேரும் கடலூர், சிதம்பரம் வட்டாரமான தென்னார்க்காட்டுக் கரையில் புயலும் வெள்ளமும் வருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான். அதற்குள் நிதியாண்டில் பாதி கழிந்துவிடுகிறது, ஆண்டின் தொடக்கத்தில் சட்டப் பேரவை வாக்களித்த தொகைகளும் துறைகளுக்குப் பங்கிடப்பட்டுவிடுகின்றன. ஒதுக்கிய தொகை போதாதபோதோ, முன்பு கருதப்படாத புதிய செலவொன்று நேரும்போதோ, அதே ஆண்டுக்குள் அரசு மீண்டும் பேரவையை அணுகிப் பணம் கேட்கும் முறைக்குத் துணை மானியக் கோரிக்கை என்று பெயர். செய்தித்தாள்கள் இதைத் துணை பட்ஜெட் என்று எழுதுகின்றன. இம்முறை வளர்ந்த வரலாற்றைத் தென்னார்க்காட்டுக் கரையிலிருந்து பார்த்தால், செலவை வெட்டுவதற்கென்று மக்கள் பிரதிநிதிகளுக்கு அளிக்கப்பட்ட உரிமை, காலப்போக்கில் செலவைக் கேட்பதற்கான வழியாக மாறியது எவ்வாறு என்பது தெளிவாகும்.

செலவு முந்தி ஒப்புதல் பிந்தும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் அனைத்தும் வாங்கியவருக்கே உரியவை என்பது உடன்பாடாதலால், அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது இக்கோட்டையே. மதில் பழுது, படைச் சம்பளம் முதலிய செலவுகளுக்கு லண்டனிலிருந்த இயக்குநர் குழுவின் இசைவு வேண்டும் என்பது விதி. ஆயினும் கடிதம் கப்பலேறிச் சென்று விடை திரும்பப் பல மாதங்கள் ஆகுமாதலால், முதலில் செலவிட்டுப் பின்னர்க் காரணம் எழுதுவதே நடைமுறையாயிற்று. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் நிதி அதிகாரத்தைத் தலைமை ஆளுநரிடம் குவித்தது. 1870இல் அன்றைய தலைமை ஆளுநர் மேயோ பிரபு சில துறைகளின் செலவுப் பொறுப்பை மாகாணங்களுக்கு மாற்றித் தரும்வரை, சென்னை அரசு தன் செலவுகளுக்குக் கல்கத்தாவிலிருந்த தலைமை ஆளுநரின் இசைவை எதிர்நோக்கி நின்றது. இக்காலம் முழுவதும் கேட்பதும் கொடுப்பதும் அதிகாரிகளுக்குள்ளேயே நிகழ்ந்தன. வரி செலுத்தியவர்க்கு அதில் குரல் இல்லை.

அந்தக் குரல் படிப்படியாகவே வந்தது. 1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் சென்னைக்கு ஒரு சட்டமியற்றும் மன்றத்தைத் தந்தபோதிலும், வரவு செலவைப் பற்றிப் பேச உறுப்பினர்க்கு இடமளிக்கவில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் விவாதிக்கலாம் என்றது, வாக்களிக்கலாம் என்று கூறவில்லை. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் தீர்மானங்கள் கொண்டுவர இசைந்தது, ஆனால் அத்தீர்மானங்கள் அரசைக் கட்டுப்படுத்தவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டம்தான் அரசின் செலவுகளை மானியக் கோரிக்கைகளாக, அதாவது துறைவாரியாக இவ்வளவு தொகை வேண்டும் என்னும் வேண்டுகோள்களாக, மன்றத்தின் முன்வைத்து வாக்குப் பெற வேண்டும் என்றது. அச்சட்டத்தின்கீழ் 98 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த சென்னைச் சட்டமன்றம், 1921 ஜனவரியில் கன்னாட் கோமகனால் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1920 டிசம்பர் 17 அன்று, மாகாணத்தின் முதலாவது முதன்மை அமைச்சராகப் பொறுப்பேற்றவர் கடலூர் வழக்கறிஞரும் நீதிக்கட்சித் தலைவருமான ஏ. சுப்பராயலு ரெட்டியார் ஆவார். உடல்நலக் குறைவால் 1921 ஜூலையில் விலகிய அவர், அவ்வாண்டிலேயே மறைந்தார்.

சுப்பராயலு ரெட்டியார் ஏற்ற ஆட்சியின் கை, நிதியைப் பொறுத்தவரை, இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. இரட்டையாட்சி எனப்பட்ட அம்முறையில் கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் அமைச்சர்களிடம் மாற்றப்பட்டிருந்தன. நிதி, காவல், நிலவரி ஆகியவை ஆளுநரின் நிருவாகக் குழுவுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. மெஸ்டன் குழுவின் பரிந்துரைப்படி மாகாணங்கள் நடுவண் அரசுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டியிருந்த 983 இலட்சம் ரூபாயில் 348 இலட்சம் சென்னையின் பங்காக விழுந்தது. வேறெந்த மாகாணத்துக்கும் இவ்வளவு பெரிய பங்கு விதிக்கப்படவில்லை. ஒதுக்கப்பட்ட துறைகளின் கோரிக்கையை மன்றம் மறுத்தாலும் ஆளுநர் சான்றளித்து அத்தொகையை மீட்டுக்கொள்ள முடிந்தது. இத்தகைய நிலையில் உறுப்பினர்கள் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டுவதற்கு மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை. மன்னரின் பெயரால் கேட்கப்படாத பணத்துக்கு அவை வாக்களிப்பதில்லை என்று பிரிட்டிஷ் பொதுமக்கள் அவை 1713இல் நிலையாணையாக வகுத்த கொள்கையே இதன் வேராகும்.

வெட்டும் உரிமையைச் சில மாகாணங்கள் போர்க்கருவியாகக் கொண்டன. 1924இல் மத்திய மாகாணச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற சுயராஜ்யக் கட்சியினர் அமைச்சர்களின் ஆண்டுச் சம்பளத்தை இரண்டு ரூபாயாகக் குறைத்தனர். இதற்கு நேர்மாறான பயனும் அதே உரிமைக்கு இருந்தது. ஒரு கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்துவிட்டு, அதன்மீது பேசும் வாய்ப்பைப் பயன்படுத்தித் தம் ஊருக்குப் பாலமோ பள்ளியோ மருத்துவமனையோ வேண்டும் என்று உறுப்பினர் எடுத்துரைப்பார். அமைச்சர் விடையளித்ததும் தீர்மானம் திரும்பப் பெறப்படும். வெட்டுத் தீர்மானம் என இன்றும் வழங்கும் இதில் நூறு ரூபாய் என்பது பேசுவதற்கான அனுமதிச் சீட்டு மட்டுமே. செலவைக் கூட்டக் கேட்கும் நேர்வழி அடைபட்டிருந்ததால், குறைக்கச் சொல்லும் வாசகத்துக்குள் கூட்டக் கேட்கும் பேச்சு குடிபுகுந்தது.

சிதம்பரம் வட்டாரத்துக்குச் சென்னைச் சட்டமன்றத்தோடு இருவகைத் தொடர்பு உண்டு. அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய கல்லூரிகளைப் பல்கலைக்கழகமாக்கிய 1928ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் இம்மன்றத்தில் நிறைவேறியதே. கொடையாளர் அளித்த செல்வத்தோடு அரசின் மானியமும் சேர்ந்தே அப்பல்கலைக்கழகம் 1929இல் உருப்பெற்றது. சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவிய சுவாமி சகஜானந்தரோ, இரட்டையாட்சிக் காலத்திலேயே மன்றத்துக்குச் சென்று, விடுதலைக்குப் பிந்திய பேரவையிலும் சிதம்பரம் தொகுதியின் உறுப்பினராக இருந்து, 1959இல் மறையும்வரை ஒடுக்கப்பட்டோரின் கல்விக்காகக் குரல் கொடுத்தார். முன்னது பெருஞ்செல்வர் ஒருவருக்கும் அரசுக்கும் இடையிலான உடன்பாட்டின் வழியே வந்த பணம். பின்னது கோரிக்கைமேல் கோரிக்கையாகப் பேசிப் பெற வேண்டியிருந்த பணம்.

துணைக் கோரிக்கைக்கு மாகாண அளவில் தெளிவான சட்ட உருவம் 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 81ஆம் பிரிவால் கிடைத்தது. ஆண்டுக்குள் கூடுதல் செலவு தேவைப்பட்டால் துணைச் செலவு அறிக்கையை மன்றத்தின் முன்வைக்க வேண்டும் என்றும், மூல அறிக்கைக்குரிய விதிகளே அதற்கும் பொருந்தும் என்றும் அப்பிரிவு கூறியது. எனினும் அக்காலத்தில், வாக்களிக்கப்பட்ட தொகைகளின் பட்டியலில் ஆளுநர் கையொப்பமிட்டால் போதும். தனிச் சட்டம் தேவையில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் இந்த இடத்தில் முக்கியமான மாற்றத்தைச் செய்தது. 205ஆம் கூறின்படி துணைக் கோரிக்கை பேரவையில் வாக்கைப் பெற்றபின், 204ஆம் கூறின்படி நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு ஒன்று கொண்டுவரப்பட்டு நிறைவேறினால்தான், அரசின் வரவுகளும் கடன்களும் சேரும் தொகு நிதியத்திலிருந்து ஒரு ரூபாயையேனும் எடுக்க முடியும்.

ஆனால் அச்சட்டமுன்வடிவைத் திருத்தும் ஆற்றல் உறுப்பினர்க்கு வழங்கப்படவில்லை. வாக்களித்த தொகையை மாற்றுகிற, அல்லது அது சென்றடையும் இடத்தை மாற்றுகிற எத்திருத்தமும் கொண்டுவரக் கூடாது என்று 204ஆம் கூறு தடுக்கிறது. ஆளுநரின் பரிந்துரையின்றி எந்த மானியத்தையும் கோரக் கூடாது என்று 203ஆம் கூறு விதிக்கிறது, அப்பரிந்துரையோ அமைச்சரவையின் அறிவுரைப்படி அமைவது. 1986 நவம்பர் 1 அன்று கலைக்கப்படும்வரை இருந்த மேலவை, பண மசோதாவைப் பதினான்கு நாள் வைத்திருந்து பரிந்துரைகள் கூற முடிந்ததேயன்றித் தடுக்க முடியவில்லை. இதற்கு மாறாக, அமெரிக்காவில் வாஷிங்டன் போன்ற மாநிலங்களில், ஆளுநர் முன்மொழியும் துணை நிதி மசோதாவை இரு அவைகளின் குழுக்களும் வரிவரியாகத் திருத்தி, தொகைகளைக் கூட்டியும் குறைத்தும் புதிதாக எழுதுகின்றன. தமிழ்நாட்டில் எழுதும் கை அரசினுடையது, பேரவையினுடையது ஒப்பமிடும் கை.

இந்த ஒப்பமும் பெரும்பாலும் பின்தேதியிட்டதாகவே அமைகிறது. முன்பு பேரவையின் கவனத்துக்கு வராத புதிய செலவினத்தை நிதித்துறை வழக்கில் புதுப்பணி என்பர். இதற்குப் பேரவையின் ஒப்புதல் கட்டாயம். ஒப்புதல் வரும்வரை காத்திருக்க முடியாதபோது, 267ஆம் கூறின்படி அமைந்த எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து முன்பணம் பெறப்பட்டு, துணைக் கோரிக்கை நிறைவேறியதும் அது ஈடுசெய்யப்படுகிறது; அரசாணைகளின் இறுதிப் பத்திகளில் இதற்கான வாசகம் வழமையாக இடம்பெறும். ஒரு துறைக்கு வாக்களித்த பணத்தை வேறொரு கோரிக்கையின்கீழ் வரும் துறை செலவிட முடியாது. 2013இல் அரசு நேரடிக் கட்டுப்பாட்டில் எடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, 2021இல் உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டதுபோல், ஆண்டின் நடுவில் ஒரு நிறுவனம் துறை மாறினால் கணக்கின் தலைப்பும் மாற வேண்டும். ஒரு துறையில் பணம் மிஞ்சியிருந்தாலும் அதை மற்றொரு கோரிக்கைக்குத் திருப்பிவிட முடியாதாகையால், இத்தகைய மாற்றங்களுக்குத் துணைக் கோரிக்கையே வழியாகிறது.

பேரிடர்க் காலத்தில் இவ்வமைப்பின் இயல்பு முழுமையாக வெளிப்படுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கிள்ளை முதலிய சிதம்பரம் வட்டாரக் கடலோர ஊர்களும் பாதிக்கப்பட்டன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெய்த பெருமழையில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய ஊர்கள் வெள்ளத்தில் சிக்கின. முதற்கட்ட நிவாரணத்துக்கு, 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசு 75 விழுக்காடும் மாநிலம் 25 விழுக்காடும் செலுத்தும் மாநிலப் பேரிடர் துயர்தணிப்பு நிதியம் உதவுகிறது. ஆனால் அந்நிதியத்தின் விதிகளுக்குள் அடங்காத வீடு கட்டுதல், மீண்டும் மரம் நடுதல், கரையை நிலையாக உயர்த்துதல் போன்றவற்றுக்கு மாநிலம் தன் பணத்தையே தேட வேண்டும்; அந்த ஆண்டுக்குள் செய்வதாயின் துணைக் கோரிக்கையின் வாயிலாகவே அது வர வேண்டும்.

அண்மைக்காலச் சான்று ஒன்று 2024ஆம் ஆண்டினது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையேறியபின், டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலாகத் திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணை வழியே வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 9 அன்று, இரண்டு நாள் கூட்டத்துக்காகக் கூடிய பேரவையில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 3,531 கோடி ரூபாய்க்கான துணைக் கோரிக்கையை முன்வைத்தார். இத்தகைய கோரிக்கை எப்போதும் பல துறைகளின் பல மாதத் தேவைகளைத் தொகுத்து வருவதே தவிர, ஒரு வெள்ளத்துக்கென்று தனியே எழுதப்படுவதன்று. ஆற்றங்கரை உறுப்பினர் ஒருவர் அந்தத் தொகுப்புக்குள் தம் மாவட்டத்துக்கான வரியைத் தேடிக் கண்டறிந்து கேள்வி எழுப்ப வேண்டுமானால், இரண்டு நாள் கூட்டம் அதற்கு எவ்வகையிலும் போதாது.

இங்கேதான் குறை இருக்கிறது. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் ஆண்டு மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. கேரளப் பேரவையிலும் பொருள்வாரிக் குழுக்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பேரவையில் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் இருப்பினும், கோரிக்கை வாக்குக்கு வருமுன் அதை ஆராயும் துறைவாரிக் குழு இல்லை. துணைக் கோரிக்கைகள் ஒன்றாக முன்மொழியப்பட்டுக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகின்றன. மூல ஒதுக்கீடே செலவாகாமல் கிடக்கும்போது துணை ஒதுக்கீடும் பெறப்பட்டு, பின்னர் இரண்டும் மிஞ்சி ஒப்படைக்கப்படும் நிலையைக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. அளவுக்கு அதிகமாகக் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும், உண்மையான தேவையுள்ள இடத்துக்குச் செல்ல முடியாமல் வேறொரு தலைப்பின்கீழ் முடங்கும் ரூபாயாகும்.

வெட்டும் உரிமை கேட்கும் வழக்கமாக மாறியது பேரவையின் தாழ்வன்று. பெரும்பான்மை பெற்ற அரசின் கோரிக்கையை வீழ்த்த முடியாத உறுப்பினர்க்கு எஞ்சிய ஒரே பேச்சு அதுவே. கேட்டது கிடைத்ததா, கிடைத்தது செலவானதா, செலவானது கரையை உயர்த்தியதா என்று பின்தொடரும் குழு இல்லாததுதான் தாழ்வு. துணைக் கோரிக்கையை வாக்குக்கு முன் சில நாட்களேனும் குழுவின் ஆய்வுக்கு அனுப்புவதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. பேரவை தன் நடைமுறை விதிகளைத் தானே மாற்றிக்கொண்டால் போதும்.