‘ங்க’ என்னும் அசை: ஒரு விகுதியின் கதை

உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் நாள்தோறும் காதில் விழும் உரையாடல் இது.

“ஏனுங்க, இது பழநி வண்டிங்களா?”

“இல்லீங்க, அது வந்துங்க, தாராபுரம் போறதுங்க.”

“அப்படீங்களா? சரிங்க, சரிங்க.”

கேட்டவருக்கு வேண்டிய செய்தி “பழநியா?”, “இல்லை, தாராபுரம்” என்பதற்குள் அடங்கிவிடும். எஞ்சிய ‘ஏன்’, ‘வந்து’, ‘அப்படியா’, இரட்டித்த ‘சரி’, எட்டு முறை ஒலித்த ‘ங்க’ ஆகியவை எதற்காக? மொழியியலார் இத்தகையவற்றைக் கருத்தாடல் குறிப்பான்கள் என்பர். டெபோரா ஷிஃப்ரின் 1987-இல் ஆங்கிலப் பேச்சில் வரும் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். இவை செய்தியைச் சொல்வதில்லை. சொல்பவரையும் கேட்பவரையும் பிணைக்கின்றன.

வகுப்பில் அசைநிலை என்றால் என்ன என்று கேட்டால், ‘பொருளற்ற சொல்’ என்று மாணவர்கள் தயங்காமல் விடையளிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் தொல்காப்பியத்தின் இடையியலை உரையுடன் மீண்டும் படிக்கையில், அந்த விடை போதாது என்று தோன்றியது. அசைகளில் ஒரு பகுதியைத் தொல்காப்பியர் ‘முன்னிலை அசை’ என்று பிரிக்கிறார். மியா, இக, மோ, மதி போன்றவை எதிரில் நிற்பவரை நோக்கிய சொற்களோடு மட்டுமே வருபவை. பொருளே இல்லாத ஒன்றுக்கு, எதிரில் ஆள் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு ஏன்? கேட்பவரைத் தொடுவதே அதன் தொழில் என்பதால்தான்.

இன்னும் வியப்பளிப்பது, ‘ஆக’, ‘ஆகல்’, ‘என்பது’ என்ற மூன்றையும் பற்றிய நூற்பா. இவை தனித்து வாராமல் இரட்டித்தே வரும் அசைகள். ஒருவர் தம்மைப் பற்றியோ பிறரைப் பற்றியோ ஏதேனும் கூறும்போது, கேட்பவர் ‘ஆக ஆக’ என்பாராம். உடன்பாடு இல்லாதபோதும் ஈடுபாடு இல்லாதபோதும் அவ்வாறு வரும் என்று சேனாவரையர் விளக்குகிறார். ‘என்பது என்பது’ என்பதோ பாராட்டிலும் வரும், இகழ்ச்சியிலும் வரும். கதையளப்பவரிடம் நாம் சொல்லும் ‘சரிங்க, சரிங்க’ வேறென்ன? திண்ணைப் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்ட ஒரு மரபு இந்த உரைக்குள் ஒளிந்திருக்கிறது.

நன்னூலுக்கு வருவோம். பவணந்தியார் பிறந்த சனகாபுரம், நம் கொங்கு நாட்டுச் சீனாபுரமே என்று கருதுவோர் உண்டு. அவர் தரும் அசைகளின் பட்டியலில் ‘இருந்து’, ‘நின்று’ ஆகியவையும் இடம்பெறுகின்றன. இருத்தலையும் நிற்றலையும் குறித்த வினைச்சொற்கள் தம் வினைப்பொருளை உதிர்த்துவிட்டு அசையாகிவிட்டன. இன்று ‘அது வந்து’ என்று இழுக்கிறோமே, அதில் யார் வருகிறார்கள்? வினை தேய்ந்து அசையாகும் பழைய வழியில் ‘வந்து’ம் நடந்திருக்கிறது. அடுத்த சொல் கிட்டும்வரை பேச்சுரிமையைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது.

இனி ‘ங்க’. இது பேசப்படும் பொருளுக்குத் தரும் மரியாதையன்று. “கடிச்சது எங்க நாயிங்க” என்பவர் நாயை உயர்த்தவில்லை. “நானுங்க” என்பவர் தம்மையே போற்றிக்கொள்ளவுமில்லை. மரியாதை முழுவதும் எதிரில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கே. ஆகவே, இதைக் கொங்குத் தமிழின் முன்னிலை அசை என்று துணிந்து கூறலாம்.

அதன் பிறப்பை அதன் ஒலியே காட்டிக்கொடுக்கிறது. ‘சரிங்க’ என்னும்போது மறைந்திருக்கும் ளகரம், ‘சரிங்களா’ என்று வினவும்போது வெளிப்பட்டுவிடுகிறது. ‘வாருங்கள்’, ‘நீங்கள்’ என்பவற்றில் உள்ள ‘கள்’தான் அது. தொல்காப்பியர் காலத்தில் ‘கள்’ அஃறிணைப் பன்மைக்கு உரியது. குறளிலேயே அது உயர்திணைப் பன்மையோடு சேர்ந்து வரக் காண்கிறோம். பின்னர்ப் பன்மை ஒருவரையே குறிக்கும் மரியாதையாயிற்று. அந்த மரியாதை ஏவல் வினையிலிருந்து கழன்று, பெயர், வினை, இடை என்று பாராமல் எச்சொல்லின் பின்னும் ஒட்டும் அசையாயிற்று. மாட்டுக்கும் மரத்துக்கும் உரியதாயிருந்த விகுதி, மனிதருக்கு மரியாதையாக உயர்ந்த வரலாறு இது.

ஆனால் எல்லா மனிதருக்குமா? என் பத்து வயதில், எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த முதியவர் ஒருவர் என்னிடம் “வெயிலுங்க சாமி, உள்ளே போங்க” என்பார். நான் அவரைப் பேர் சொல்லி, ‘வா, போ’ என்றே அழைத்தேன். திருத்த வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவருடைய ‘ங்க’வை மரியாதை என்று சொல்ல எனக்கு இன்று வாய் வரவில்லை. அது அவரிடமிருந்து வசூலிக்கப்பட்டது.

கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொணர்ந்த முன்னோடி ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வெளிவந்தது. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர்களின் உலகத்தை அவரது ‘கூளமாதாரி’ காட்டுகிறது. அத்தகைய நாவல்களைப் படிக்கையில், யார் யாரிடம் ‘ங்க’ சொல்கிறார், யாருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்று மட்டும் குறித்துக்கொண்டே போனால் போதும். ஊரின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும்.

கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று பெருமை பேசுகிறோம். பேருந்து நிலையத்தில், முன்பின் அறியாத இருவர் சாதி கேளாமல் எட்டு ‘ங்க’ பரிமாறிக்கொள்ளும்போது, அந்தப் பெருமைக்கு நாம் உரியவர்களே. அறிந்தவர்களிடையே, தோட்டத்து வரப்பில், அதே அசை இருபக்கமும் ஒலிக்கிறதா என்பதே கேள்வி. பொருளற்றது என்று நாம் ஒதுக்கிய ஓர் அசை, அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு ஏறி வந்துவிட்டது. அதைச் சிலருக்கு மறுத்து, அவர்களை மறுபடியும் அஃறிணைப் பக்கம் தள்ளியவர்கள் நாம்தான்.

அந்த முதியவர் இப்போது இல்லை. அவருக்கு நான் ஒரு ‘ங்க’ கடன்பட்டிருக்கிறேன்.