பாணித்தாள்களில் சார்பு முகவரி மாற்றம்

சார்பு முகவரி மாற்றம் என்பது, பல பாணித்தாள்களை ஒரே கோப்பாகப் பொதியும்போது, அவற்றில் சுட்டப்பட்டுள்ள படிமங்களின் முகவரிகளைப் புதிய கோப்பின் இருப்பிடத்திற்கு ஏற்பத் திருத்தி எழுதும் செயல் ஆகும். இது செய்யப்படாவிடின் பின்னணிப் படிமங்கள், சின்னங்கள், எழுத்துருக்கள் ஆகியன பக்கத்தில் தோன்றா.

அடிப்படை விதி

1996 டிசம்பரில் வெளியான சிஎஸ்எஸ் முதல் நிலைப் பரிந்துரையின்படி, பாணித்தாளிலுள்ள சார்பு முகவரி அப்பாணித்தாளின் முகவரியிலிருந்தே கணக்கிடப்படும். அதைப் பயன்படுத்தும் பக்கத்தின் முகவரியிலிருந்து அன்று. நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 4 உலாவி இதற்கு மாறாகப் பக்கத்திலிருந்து கணக்கிட்டது. இவ்விதியால், பாணித்தாளையும் அதன் படிமங்களையும் ஒரே அடைவில் வைத்து, அவ்வடைவை எங்கு வேண்டுமாயினும் நகர்த்தலாம். ஜேகுவெரி யூஐ போன்றவற்றின் தோற்றக் கோப்புகள் இவ்வாறே அமைந்தவை.

பொதியும்போது எழும் சிக்கல்

உலாவி வழங்கிக்கு அனுப்பும் வேண்டுகோள்களைக் குறைப்பதற்காகப் பாணித்தாள்கள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. அப்போது உரை இடம் மாறுகிறது. அதிலுள்ள முகவரி மாறுவதில்லை. எடுத்துக்காட்டாக (அடைவுப் பெயர்கள் விளக்கத்திற்காகத் தமிழில் தரப்படுகின்றன), பின்வரும் கோப்பைக் கருதுக:

/கருவிகள்/நாட்காட்டி/தோற்றம்.சிஎஸ்எஸ்

இதில் "படங்கள்/அம்பு.பிஎன்ஜி" என்ற முகவரி உள்ளது. இக்கோப்பு "/பொதி/எல்லாம்.சிஎஸ்எஸ்" என்பதனுள் சேர்க்கப்பட்டால், உலாவி "/பொதி/படங்கள்/அம்பு.பிஎன்ஜி" என்னும் இல்லாத கோப்பைத் தேடும். திருத்தப்பட்ட முகவரி இவ்வாறு இருத்தல் வேண்டும்:

../கருவிகள்/நாட்காட்டி/படங்கள்/அம்பு.பிஎன்ஜி

இப்பிழை எளிதில் கண்ணில் படாது. பக்கத்தில் நேரடியாக இடப்பட்ட படிமம் கிடைக்காவிடின் உடைந்த படக் குறியேனும் தோன்றும். பின்னணிப் படிமம் கிடைக்காவிடின் வெற்றிடமே எஞ்சும். வழங்கியின் பதிவேட்டிலோ உலாவியின் உருவாக்குநர் கருவியிலோ 404 என்னும் பிழையெண்ணைப் பார்த்தே அறிய இயலும். உருவாக்கும் கணினியில் கோப்புகள் தனித்தனியே வழங்கப்படுவதால், பெரும்பாலும் தளம் வெளியான பின்னரே இது தெரியவரும்.

எல்லாப் படிமங்களையும் பொதியின் அருகே படியெடுத்து வைப்பது சிலர் கையாளும் வழி. இரு கருவிகளில் "அம்பு.பிஎன்ஜி" என்ற ஒரே பெயரில் வெவ்வேறு படிமங்கள் இருப்பின் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். இது காணாமற்போவதைவிடத் தீது. பிழையெண் எதுவும் பதிவாகாமல் தவறான படிமம் தோன்றும்.

தீர்வுகள்

முகவரியைச் சாய்கோட்டில் தொடங்கி, தளத்தின் வேரிலிருந்து எழுதினால் பொதியின் இருப்பிடம் பொருட்டன்று. ஆயினும் தளம் ஓர் உள்ளடைவுக்கு மாற்றப்பட்டால் அம்முகவரிகள் யாவும் முறியும்.

பொதியும் கருவியே ஒவ்வொரு முகவரியையும் மூலக் கோப்பிலிருந்து கணக்கிட்டு மாற்றுவது பாதுகாப்பான முறை. நெறிமுறையுடன் கூடிய முழு முகவரிகளையும், "டேட்டா:" எனத் தொடங்குவனவற்றையும் அது தொடாது விடுதல் வேண்டும். வெப்பேக்கின் சிஎஸ்எஸ் ஏற்றி இவ்வாறு செயற்படுகிறது. லெஸ் மொழியில் இதற்கெனத் தனித் தெரிவைக் குறிப்பிட வேண்டும். சாஸ் மொழி முகவரிகளை மாற்றுவதே இல்லை. உட்கோப்பில் எழுதும்போதே இறுதிக் கோப்பின் இடத்தை எண்ணி எழுத வேண்டியுள்ளது.

விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில் 2011 இல் வெளியான 1.17 பதிப்பிலிருந்து, "லோட்.பிஎச்பி" என்னும் ஒரே நிரல் பல பாணித்தாள்களை இணைத்து வழங்குகிறது. முகவரிகளை அதுவே மாற்றுகிறது. "@எம்பெட்" என்ற குறிப்பு இடப்பட்ட சிறு படிமங்களைப் பாணித்தாளினுள்ளேயே உரையாகப் பதிக்கவும் செய்கிறது. அவ்வாறு பதிக்கப்பட்ட படிமத்திற்கு முகவரி தேவையில்லை. ஆனால் அடுக்கு-64 குறியாக்கத்தால் அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும்.