புலமைப்பரிசிலும் பொதுச் சுகாதாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

பொதுச் சுகாதார ஆய்விலும் சுகாதாரக் கொள்கை வகுப்பிலும் மாணவரைப் பயிற்றுதற்கென வழங்கப்படும் புலமைப்பரிசில்களின் வரலாறு, பெரும்பாலும் கொடையாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் நிதியுதவினார், எத்தனை பேர் பயன்பெற்றனர், பின்னர் அவர்கள் எப்பதவிகளை வகித்தனர் என்பனவே அவ்வெழுத்துக்களில் முதன்மை பெறுவன. பயிற்சி பெற்றோர் எம்மக்களிடையே நின்று கற்றனர், எவருக்குப் பதில்கூறக் கடமைப்பட்டிருந்தனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. ஆயின், ஒரு பயிற்சியின் சமூகப் பெறுமானத்தை நிர்ணயிப்பவை இவ்வினாக்களே என்பது எமது கருத்து. ஒரே நிதி மூலத்துடன் தொடர்புடைய இருவேறு அநுபவங்களை ஒப்புநோக்குவதன் மூலம் இதனை விளக்க முயல்வோம்.

அந்நிதி மூலம் 1913இல் நிறுவப்பட்ட றொக்பெல்லர் நிதியமாகும். எண்ணெய் ஏகபோகத்தில் திரண்ட மூலதனமே அதன் அடித்தளம். அடுத்த ஆண்டிலேயே கொலராடோ மாநிலத்தின் லட்லோவில் வேலைநிறுத்தஞ் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். அவ்வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்ற பிரதான கம்பனியில் றொக்பெல்லர் குடும்பம் பெரும் பங்குடையதாயிருந்தது. இப்பகைப்புலத்திலேயே நிதியத்தின் சுகாதாரப் பணிகளை நோக்குதல் வேண்டும். 1916இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரக் கல்லூரி தோன்றியமைக்கும், பின்னர் லண்டனிலும் கல்கத்தாவிலும் அத்தகைய நிறுவனங்கள் எழுந்தமைக்கும் இந்நிதியமே துணைநின்றது. பல நாடுகளின் இளம் மருத்துவர்கள் அதன் புலமைப்பரிசில் பெற்றுக் கற்றனர். இலங்கை மருத்துவரும் அவர்களுள் அடங்குவர்.

இப்பயிற்சி நுணுக்குக்காட்டியையும் புள்ளிவிபரவியலையும் கள ஆய்வு முறையையும் வழங்கிற்று. அவற்றின் பயனை மறுப்பது வரலாற்றுக்கு நியாயஞ் செய்வதாகாது. எனினும், நோயை நிலவுடைமை, கூலி, குடியிருப்பு ஆகியவற்றினின்றும் பிரித்து, நுட்ப வழிகளால் மட்டும் அகற்றத்தக்க ஒன்றாகக் காணும் நோக்கும் அதனுடன் கலந்தே வந்தது.

இந்நோக்கின் எல்லையை எமது நாட்டின் பெருந்தோட்டங்கள் தெளிவாகக் காட்டின. 1916இல் நிதியத்தின் ஆதரவுடன் இங்கு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மாசுற்ற மண்ணில் வெறுங்காலுடன் உழைத்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் பாதங்களினூடாகவே அப்புழு உடலுட் புகுந்தது. மருந்து புழுவை வெளியேற்றியது. மலசலகூடங்கள் இல்லாதவிடத்து அது மீண்டும் தொற்றியது. மருந்து கொடுக்கும் அதிகாரம் மருத்துவருக்கு இருந்தது. மலசலகூடம் அமைக்கும் செலவோ தோட்ட உடைமையாளரைச் சார்ந்தது. அவர்களிற் பலர் அதற்குத் தயங்கினர். நோயற்ற தொழிலாளி கூடுதலாக உழைப்பான் என்பதே அவர்களை இணங்கச் செய்வதற்கு முன்வைக்கப்பட்ட வாதமாயிற்று. தொழிலாளியின் உடல்நலம் இவ்வாறு இலாபக் கணக்கின் ஓர் உறுப்பாகியது. 1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு, தாய் சேய் நலனையும் இல்லத் தரிசிப்பையும் முன்னெடுத்து இந்நிலையினின்றும் ஒருபடி முன்னேறியது உண்மையே. இன்றைய தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் அதன் வழிவந்ததாகும். ஆயினும், அதன் அலுவலர் பதில்கூறக் கடமைப்பட்டிருந்தது மேலிருந்த நிர்வாகத்துக்கேயன்றி மக்களுக்கன்று.

இதற்கு மாறான அநுபவம் தென்னாபிரிக்காவில் உருவாயிற்று. 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் மருத்துவத் தம்பதியினர் நேற்றால் மாகாணத்தின் பொலேலாவில் ஒரு சுகாதார நிலையத்தை நிறுவினர். வீடுவீடாகச் சென்று குடும்பங்களின் உணவையும் உழைப்பையும் ஆராய்வதும், அதே குடும்பங்களுடன் காய்கறித் தோட்டங்களை உருவாக்குவதும் அங்கு மருத்துவத்தின் பகுதிகளாயின. ஆபிரிக்கரிடையே சிபிலிஸ் நோய் பரவியமையை, ஆண்களைக் குடும்பத்தினின்றும் பிரித்துச் சுரங்கங்களுக்கு ஈர்த்த புலம்பெயர் கூலிமுறையுடன் இணைத்து 1949இல் சிட்னி கார்க் விளக்கினார். நோயின் வேர் உற்பத்தி உறவுகளுட் தேடப்பட்டமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. 1951இல் வெள்ளையரல்லாத மாணவருக்கென டேர்பனில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது, இவ்வநுபவம் கற்பித்தலிலும் இடம்பெற்றது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் உள்ளிட்ட இந்தியரின் வழித்தோன்றல்களும் அக்கல்லூரியிற் பயின்றனர்.

1957இல் ஜாக் கைகர் என்னும் அமெரிக்க மருத்துவ மாணவர் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியுடன் அங்கு வந்து சில மாதங்கள் பயின்றார். மறு ஆண்டிலேயே கார்க் தம்பதியினர் நாட்டை விட்டு வெளியேறினர். நிறவாத அரசின் கீழ்ச் சுகாதார நிலையங்கள் நலிந்தன. ஆனால் கற்ற பாடம் அழியவில்லை. 1964இல் குடியுரிமை இயக்கத்துக்குத் துணைநின்ற மருத்துவருள் ஒருவராக மிசிசிப்பி சென்ற கைகர், கறுப்பின மக்களின் வறுமையிற் பொலேலாவை மீண்டுங் கண்டார். கவுண்ட் கிப்சன் என்னும் மருத்துவருடன் இணைந்து, 1965இல் பொஸ்டனின் கொலம்பியா பொயின்ற் குடியிருப்பிலும், தொடர்ந்து மிசிசிப்பியின் மவுண்ட் பாயுவிலும் சமுதாய சுகாதார நிலையங்களை நிறுவினார். பருத்தி அறுவடை இயந்திரமயமாகியதால் வேலையிழந்த குடும்பங்களின் குழந்தைகள் பசியால் வாடிய பிரதேசம் அது. அங்கு மருத்துவர் உணவையே மருந்துச் சீட்டில் எழுதினர். அதற்கான செலவு மருந்தகக் கணக்கிற் பதியப்பட்டது. கிணறுகள் தோண்டப்பட்டன. ஜோன் ஹச் என்னும் சமூக ஒழுங்கமைப்பாளரின் துணையுடன் மக்கள் கூட்டுறவுப் பண்ணையொன்றை நடத்தினர். இன்று ஐக்கிய அமெரிக்காவில் இம்மரபில் வளர்ந்த 1,300க்கும் மேற்பட்ட நிலைய அமைப்புகள் ஏறத்தாழ மூன்று கோடி மக்களுக்குச் சேவையாற்றுகின்றன.

இதனைத் தனியொருவரின் சாதனையாகவோ நிதியத்தின் தொலைநோக்காகவோ கொள்ளுதல் தவறாகும். போராட்டத்தில் இறங்கியிருந்த மக்கள் இல்லையெனில், நேற்றாலிற் கற்ற பாடம் ஒரு பிரயாணக் குறிப்பாகவே முடிந்திருக்கும். மறுபுறம், இந்நிலையங்கள் நிலவுடைமையை மாற்றவுமில்லை. அரசின் சமூக நலத் திட்டத்துள் அடங்கியே அவை நிலைத்தன. மூலதனத்தின் கொடை மூலதனத்துக்கு எதிரான அறிவையும் சிலவேளை ஈன்றெடுக்கும். அவ்வறிவு செயலாக மாறுவது, அதனை ஏற்று நடத்தும் வெகுசன இயக்கத்தைப் பொறுத்தது. இம்முரண்பாட்டையே இவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.

இன்று எமது பல்கலைக்கழக மாணவர்க்குப் பொதுச் சுகாதாரத் துறையில் உள்ளகப் பயிற்சிகளும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களும் முன்னரிலும் கூடுதலாகக் கிட்டுகின்றன. ஊதியமற்ற பயிற்சி, வசதி படைத்த குடும்பத்து மாணவர்க்கே இயல்வதாகும். தோட்டத் தொழிலாளியின் மகளை அது வாயிலிலேயே தடுத்துவிடுகின்றது. வெளியில் வகுக்கப்பட்ட வினாவுக்குத் தரவு திரட்டும் பயிற்சியோ மாணவரைப் பிறரது ஆய்வின் கருவியாக்குகின்றது. எனவே ஒவ்வொரு திட்டத்தையும் மூன்று வினாக்களால் அளவிடுதல் தகும்: வறிய மாணவர் அதில் உண்டு உறைந்து கற்க இயலுமா? ஆய்வு வினாவை வகுப்பதில் அம்மக்களுக்குப் பங்குண்டா? முடிவுகள் அவர்களது மொழியில் அவர்களிடமே திரும்பிச் செல்லுமா? லயன் அறைகள் இன்றும் நிலைத்திருக்கும் நாட்டில் இவ்வினாக்களை எழுப்புவது, மருத்துவ பீடத்தினரின் பொறுப்பு மட்டுமன்று; சமூகத்தை ஆராயும் நம் அனைவரதும் கடமையாகும்.